சாரி சொன்னால் முடிந்துவிடும்

அந்த ஆய்வகத்தில் எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் ஓர் அண்ணன். உறவு எதுவும் கிடையாது. நான் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் மாலை கட்டிக்கொண்டிருந்தபோது அதே கட்டடத்தின் மாடி அறையில் பலரோடு நெருக்கியடித்துத் தங்கியிருந்தார். புதுக்கோட்டைப் பக்கத்துக்காரர். காலையில் கம்பெனி வேன் வரும்வரை கடை ஓரமாக நின்று என்னோடு பேசிக்கொண்டிருப்பார். கடைக்காரர் என்னை நிறுத்திவிட்ட வாரம் அவராகவே பேச்செடுத்தார்.

"தங்கச்சி, எங்க கம்பெனில ஒரு லேப்புக்கு ஆள் கேக்குறாங்க. தொடைக்கிற வேலதான். நீ ரெண்டு மாசத்துல ஓடிப்போயிடுவியே, அதான் யோசிக்கிறேன்."

"ஓட மாட்டேண்ணே."

"கப்பல்லருந்தே எறங்கி ஓடினவ நீ."

அது உண்மைதான். நான் இங்கேயே பிறந்தவள். உயர்நிலைப் பள்ளி இரண்டாம் ஆண்டோடு படிப்பை விட்டேன். யாரும் நிறுத்தவில்லை, நானாகத்தான் போகவில்லை. பிறகு ரொட்டித் தொழிற்சாலை, ஜொகூரில் ஒரு சாப்பாட்டுக்கடை, சுற்றுலாக் கப்பலின் அடுப்படி, கேலாங்கில் ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு மாற்றும் வேலை, விமான நிலையத்தில் தள்ளுவண்டி சேர்க்கும் வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். சில இடங்களில் துரத்தினார்கள். பல இடங்களில் ஒரு காலை எழுந்ததும் போகப் பிடிக்கவில்லை. அப்படிப்பட்டவளுக்காக அண்ணன் தன் மேலாளரிடம் போய், நான் பொறுப்பானவள் என்று சொல்லியிருக்கிறார்.

ஆய்வகம் மேற்கே ஒரு பல்கலைக்கழகக் கட்டடத்தின் நிலத்தடித் தளத்தில் இருந்தது. புக்கிட் பாத்தோக்கில் நான் குடியிருந்த வாடகை அறையிலிருந்து ஒரே பேருந்து. அண்ணன் அங்கே காஸ் சிலிண்டர்களையும் குழாய்களையும் பார்த்துக்கொண்டார். அந்த ஆண்டு முடிவில் அவருடைய வேலை அனுமதியைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கம்பெனி கையெழுத்துப் போட்டால் இன்னும் இரண்டு ஆண்டு இருக்கலாம். ஊரில் மகள் நர்சிங் படித்துக்கொண்டிருந்தாள். அவள் முடிக்கும்வரை இங்கே இருந்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கணக்கு இல்லை. கட்டடப் பொறுப்பாளரான சீனர் நல்லபடியாக ஒரு வார்த்தை சொன்னால் கம்பெனி கையெழுத்துப் போட்டுவிடும்.

ஆராய்ச்சி செய்தது புக்கிட் பாஞ்சாங்கில் வளர்ந்த ஒரு தமிழ்ப் பெண். முனைவர் பட்டத்துக்குக் கடைசி ஆண்டு. நான் அவளை டாக்டரம்மா என்பேன்.

"இன்னும் ஆகலக்கா. கண்ணு வைக்காதீங்க லா" என்பாள்.

அவள் என்ன செய்கிறாள் என்று நான் கேட்டேன். கேட்டால் எரிச்சல்படாமல் சொல்வாள். ஒரு மெல்லிய தகட்டின் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவில் தங்கக் குச்சிகள் ஜோடி ஜோடியாகப் பதிந்திருந்தன. சில ஜோடிகள் ஒட்டி நின்றன, சில தள்ளி நின்றன. அவற்றின் மேல் டெராஹெர்ட்ஸ் என்ற கதிரைப் பாய்ச்சுவாள். கதிர் பட்டதும் ஒவ்வொரு குச்சிக்குள்ளும் மின்சாரம் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக ஆடும். ஒரு முனை கூட்டலாக இருக்கும்போது மறுமுனை கழித்தலாக இருக்கும், அடுத்த கணம் மாறிவிடும். இருமுனை என்று அதற்குத் தமிழில் சொல்வார்கள் என்று நினைக்கிறேன், அவள் டைபோல் என்றாள்.

"எங்க பிளாக் கீழ பிளேகிரவுண்ட்ல ரெண்டு ஊஞ்சல், ஒரே கம்பில தொங்கும். நான் ஒண்ணுல ஆடினா, கொஞ்ச நேரத்துல பக்கத்து ஊஞ்சல் யாரும் இல்லாமயே ஆடும். என் ஊஞ்சலோட ஆட்டமும் மாறும். அதான்கா இது. பக்கத்துல ஒண்ணு இருந்தா இன்னொண்ணு எவ்ளோ மாறுதுன்னு அளக்கறேன்."

அளப்பதற்கு முடியைவிட மெல்லிய ஓர் ஊசிமுனை இருந்தது. அதைக் குச்சிகளின் மேல் தொட்டுவிடாமல், ஆனால் தொடப்போகும் தூரத்தில் கொண்டுபோய், புள்ளி புள்ளியாக நகர்த்துவாள். ஒரு ஜோடியை முடிக்கவே பாதி நாள் ஆகும்.

இந்தக் கதிருக்கு ஈரம் ஆகாது. காற்றில் இருக்கும் நீராவி அதைக் குடித்துவிடும். எல்லா அலைவரிசையிலும் சமமாகக் குடித்தால் சமாளிக்கலாம். சில இடங்களில் மட்டும் பல் பதித்ததுபோல் கடித்துவிடும். அவள் தேடிய மாற்றம் அப்படி ஒரு கடி விழும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதனால் கருவியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கூடாரம் கட்டி, அண்ணன் இழுத்துவிட்ட குழாய் வழியாக உலர்ந்த நைட்ரஜனை உள்ளே விட்டுக்கொண்டே இருப்பார்கள். காலையில் அவள் வருவதற்குமுன் நான் கூடாரத்தின் மடிப்பைத் திறந்து, தலையையும் தோளையும் உள்ளே விட்டு, ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட தட்டுகளை மாற்றுவேன். புது மணி நீலமாக இருக்கும். ஈரம் குடித்தால் ரோஸ் நிறமாகிவிடும். கருவியின் அடியில் அதிர்வு தாங்குவதற்காகக் கறுப்புப் பஞ்சு மெத்தை விரித்திருந்தார்கள். அதை அழுத்தாமல் குனிய வேண்டும். மாற்றி முடித்து மடிப்பை ஒட்டிவிட்டால் ஒரு மணி நேரத்தில் உள்ளே காய்ந்துவிடும் என்பது கணக்கு.

ஒழுங்கில்லாத என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஒழுங்கு இருந்தது. வெள்ளிக்கிழமை விடியலில் தலைக்குக் குளிப்பேன். பக்தி என்று பெரிதாகச் சொல்ல முடியாது. அம்மா செய்தாள், நானும் செய்தேன். கப்பலில்கூடச் செய்தேன். எனக்கு அடர்த்தியான முடி, எளிதில் காயாது. பேருந்தின் குளிரில் பாதி காயும், மீதியைப் பின்னலாகப் போட்டுத் துணித் தொப்பிக்குள் செருகிக்கொண்டு வேலைக்குள் போய்விடுவேன். ஆய்வகத்தில் எல்லாருக்கும் தொப்பி உண்டு, யார் தலை எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

ஏப்ரலில் அவளுடைய அளவுகள் கெட ஆரம்பித்தன. திரையில் ஓடிய கோட்டில் நீராவி கடித்த பள்ளங்கள் தெரிந்தன. ஒரு நாள் சுத்தமாக வரும், பிறகு பள்ளம் விழும், மறுபடி சரியாகும். நைட்ரஜன் நுழையும் வாயருகே இருந்த ஈரமானி எப்போதும் நல்ல எண்ணையே காட்டியது. ஆக எங்கோ கசிவு இருக்கிறது, வெளிக்காற்று உள்ளே புகுகிறது என்று முடிவு கட்டினார்கள். கசிவு என்றால் குழாய், குழாய் என்றால் அண்ணன்.

அவர் ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தார். குமிழி வரவில்லை. பழைய குழாயைக் கழற்றிப் புதியது போட்டு, இணைப்புகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப்புகளை மறுபடி முறுக்கினார். அடுத்த வாரமும் பள்ளம் விழுந்தது. அந்தப் பெண் கண்ணைக் கசக்கிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கும் ஆண்டு முடிவுக்குள் முடித்தாக வேண்டும். பொறுப்பாளர் இறங்கி வந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, எதுவும் சொல்லாமல் கூடாரத்தைச் சுற்றி நடந்துவிட்டுப் போவார். அந்த நடை அண்ணனை வதைத்தது. ஒருநாள் மதியம் உணவகத்தில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை.

"எல்லா கிளாம்ப்பையும் நான்தான் டைட் பண்ணேன் தங்கச்சி. ஆனா இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு. ராத்திரி படுத்தா கை போயி போயி முறுக்குது."

"பொறுப்பாளர் என்ன சொன்னாரு?"

"நாளைக்கு மீட்டிங்காம். ரீசன் என்னன்னு கேக்கப் போறாராம். ரீசன் தெரிஞ்சா நான் சரி பண்ணியிருக்க மாட்டனா?"

அப்போதுதான் நான் அந்த யோசனையைச் சொன்னேன். கேட்காமலேயே சொன்னேன்.

"சாரி சொல்லிடுங்கண்ணே. கிளாம்ப் கொஞ்சம் லூசா இருந்துச்சு, என் தப்புதான், இப்ப சரி பண்ணிட்டேன்னு சொல்லிடுங்க. முடிஞ்சிடும்."

"செய்யாததயா?"

"நான் எத்தன எடத்துல வேல பாத்திருக்கேன்! நாம இல்ல இல்லன்னா அவங்க விட மாட்டாங்க. சாரின்னா அடங்கிடுவாங்க. பாருங்க."

நான் பொய் சொல்லவில்லை. கண்ட உண்மையைத்தான் சொன்னேன். ரொட்டித் தொழிற்சாலையில் யார் கருக்கினாலும் முதலில் சாரி சொன்னவளிடம் மேற்பார்வையாளர் இரண்டு கத்து கத்திவிட்டுப் போய்விடுவார், அன்றோடு சரி. கப்பலில் சமையல் தலைவர் தட்டைத் தூக்கி எறிவார், சாரி என்றால் மறுநாள் பெயரைக்கூட மறந்துவிடுவார். கத்த வேண்டும் என்று நினைக்கிறவனுக்குக் கத்த ஓர் ஆள் கிடைத்தால் போதும், காரணம் வேண்டாம். அண்ணனும் கட்டுமான வேலையிலிருந்து வந்தவர்தான். அங்கேயும் அதுதான் வழக்கம். அதனால் என் பேச்சு அவருக்குப் புதிதாகவோ தவறாகவோ படவில்லை. தலையாட்டினார். சோற்றைச் சாப்பிட்டார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

மறுநாள் கூட்டம் ஆய்வகத்திலேயே நடந்தது. நான் ஓரமாகத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"சாரி சார். மை மிஸ்டேக். கிளாம்ப் லூஸ். நவ் ஓகே" என்றார் அண்ணன்.

பொறுப்பாளர் கத்தவில்லை. அதுதான் எனக்கு முதலில் உறுத்தியது. மிகவும் மரியாதையாக, எந்த கிளாம்ப் என்று கேட்டார். அண்ணன் என்னை ஒரு தரம் பார்த்துவிட்டு, கைக்கெட்டிய ஒன்றைக் காட்டினார். எந்த நாளிலிருந்து தளர்ந்திருந்தது, எவ்வளவு, சோப்பு நுரையில் ஏன் தெரியவில்லை, எப்போது முறுக்கினீர்கள் என்று கேள்விமேல் கேள்வி வந்தது. ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஏதோ ஒரு பதிலைக் கட்ட வேண்டியதாயிற்று. அந்தப் பெண் எல்லாவற்றையும் கணினியில் தட்டிக்கொண்டாள். கிளாம்ப்பைப் படமும் எடுத்துக்கொண்டாள். அந்த அறையில் சாரி என்பது ஒரு தகவல். அதைப் பிடித்துக்கொண்டு மேலே போவார்கள். இது எனக்குத் தெரியாது, யாரும் எனக்குச் சொன்னதில்லை.

"தேங்க் காட்" என்றாள் அவள், கூட்டம் முடிந்ததும். "கடைசில காரணம் கெடச்சிருச்சுக்கா."

அந்த வாரமே அண்ணனைக் காஸ் வேலையிலிருந்து எடுத்துக் குப்பை ஏற்றும் பகுதிக்குப் போட்டார்கள். "இது தற்காலிகம்தாண்ணே" என்றேன். "ஆமா தங்கச்சி, முடிஞ்சிடும்னியே" என்றார். குத்திக் காட்டவில்லை, நம்பித்தான் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடி பள்ளம் விழுந்தது. அண்ணன் அந்தக் குழாய்ப் பக்கமே வராத வாரம் அது. அந்தப் பெண் கெட்ட நாள்களை மட்டும் திரையில் ஒன்றின்கீழ் ஒன்றாக இழுத்துப் போட்டுப் பார்த்தாள்.

"அக்கா, எல்லாம் ஃப்ரைடே! வெள்ளிக்கெழம மட்டும் என்ன நடக்குது இங்க? ஏர்கான் சர்வீஸா?"

"அது புதன்கெழம."

அவள் மடிப்பைத் திறந்து தலையை உள்ளே விட்டாள். கறுப்பு மெத்தையைத் தடவிக்கொண்டே வந்தவள் ஒரு மூலையில் கையை நிறுத்தினாள். விரலை மூக்கருகே கொண்டுபோனாள். வெளியே வந்து என்னைப் பார்த்தாள்.

"அக்கா, இது சீயக்கா வாசம் லா."

என் கை தானாகத் தொப்பிக்குப் போனது. பின்னலின் நுனி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. குனியும்போதெல்லாம் அப்படித்தான் நழுவியிருக்கும். சொட்டும் தண்ணீரைக் கறுப்பு மெத்தை குடித்துவிட்டு, கண்ணில் காட்டாமல், நாள் முழுக்க மெல்ல மெல்ல ஆவியாக விட்டுக்கொண்டிருந்திருக்கிறது. ஈரமானி இருந்ததோ மறுகோடியில்.

அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அழுகையும் கூட வந்திருக்கலாம், வாரக்கணக்கில் தேடியது அகப்பட்டால் அப்படித்தான் இருக்கும். உறுதி செய்ய வேண்டும் என்று மெத்தையை மாற்றிவிட்டு, என்னை மறுபடி தலையை நனைத்துவரச் சொன்னாள். கழிப்பறைக் குழாயில் நனைத்துக்கொண்டு வந்து, கூடாரத்துக்குள் குனிந்து, வேண்டுமென்றே சொட்டவிட்டேன். மெத்தையில் நீர் விழும் சத்தம் இல்லை. பிறகு திரையில் பள்ளங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன, அதே இடங்களில். "பியூட்டிஃபுல்!" என்றாள் அவள்.

"அப்ப அண்ணன்?" என்றேன்.

அவள் சிரிப்பு நின்றது. "அவர் லூஸ்னு சொன்னாரே அக்கா."

"நான்தான் சொல்லச் சொன்னேன்."

"ஏன்?"

நான் வேலை பார்த்த இடங்களில் எல்லாம் சாரி என்றால் முடிந்துவிடும் என்றேன், அவளுக்குப் புரியவில்லை. அவள் நல்ல பெண். உடனே என்னைப் பொறுப்பாளரிடம் கூட்டிக்கொண்டு போனாள். என் தலைமுடி பற்றி அவள் ஆங்கிலத்தில் சொன்னபோது அவர் புருவம் உயர்ந்தது, ஆனால் முகம் சுளிக்கவில்லை. இனி உலர்த்திவிட்டு வாருங்கள், யாருக்கும் தோன்றாத விஷயம், உங்கள் பிழை இல்லை என்றார். யோசனை சொன்னதும் நான்தான் என்றேன். அதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு அவர் சொன்னதை என் மொழியில் சொல்கிறேன். நைட்ரஜனுக்கு நிறமும் மணமும் கிடையாது. மூடிய அறையில் கசிந்து நிரம்பினால் உள்ளே இருப்பவர் மயங்கிச் சாகலாம். குழாயைப் பார்க்கிறவர் முறுக்கினேன் என்றால் முறுக்கியிருக்க வேண்டும், தளர்ந்தது என்றால் தளர்ந்திருக்க வேண்டும். அவர் கை சரியாக இருந்திருக்கிறது, எனக்கு மகிழ்ச்சி. ஆனால் இனி அவர் வார்த்தையை நான் எப்படி நம்புவது என்று கேட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் வேலையை உதறிவிட்டு வந்திருப்பேன், எனக்குப் பழகியது அது. அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியாமல் நின்றேன். கம்பெனிக்கு அவர் கெட்டதாக எதுவும் சொல்லவில்லை என்று பின்னால் தெரிந்தது. நல்லதாகவும் சொல்லவில்லை. ஆண்டு முடிவில் கம்பெனி அண்ணனின் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை.

இடைப்பட்ட மாதங்களில் நான் அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை. குப்பை ஏற்றும் பகுதி வேறு கட்டடம், வேன் நேரமும் வேறு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை, லிட்டில் இந்தியாவில் ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்து சொன்னேன். தலைமுடியிலிருந்து தொடங்கினேன்.

அவர் முதலில் கேட்டது இதைத்தான். "அப்ப கிளாம்ப் லூஸ் இல்லையா?"

"இல்லண்ணே. எதுவுமே லூஸ் இல்ல."

அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் எதிர்பார்க்கவில்லை. மேசையில் தட்டினார். "நான் அப்பவே சொன்னேன்ல! என் கை அப்படி விட்டுட்டு வராது தங்கச்சி. சொல்லிச் சொல்லி எனக்கே லூஸ்தான்னு ஆயிப்போச்சு. அந்த கிளாம்ப் கனவுலயே வரும்." கடைக்காரரைக் கூப்பிட்டு எனக்கும் சேர்த்து வடை சொன்னார். "வெள்ளிக்கெழம குளிச்சு ஒரு லேப்பையே கவுத்துட்டியே!" என்று சிரித்தார். பிறகு சிரிப்போடேயே, "அப்ப அவருகிட்ட சொன்னா என்னைத் திருப்பி எடுத்துக்குவாருல்ல?" என்றார்.

"சொல்லியாச்சுண்ணே. மே மாசமே சொல்லிட்டேன்."

"சொல்லியுமா?"

"லூஸ் இல்லாதத லூஸ்னு சொன்னீங்கன்னு..."

அவர் வடையைப் பிய்த்தார். "பொய்யா அது?" என்றார். "சாரிதானே சொன்னேன்."

எதிர்ச் சாலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் நிரம்பி வழிந்தது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"இப்ப பைப் வேலய யாரு பாக்குறா?"

வேறு யார் பெயரையாவது சொல்லிவிடலாமா என்று அந்தக் கணம் நினைத்தேன். "என்னைப் பழக்கிவிட்டிருக்காங்கண்ணே. நான்தான்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் இல்லை. "செய்யி" என்றார். "யாராவது செய்யணும்ல." தங்கச்சி என்று சொல்லவில்லை. மகளுக்கு ஏதோ வாங்க வேண்டும் என்று எழுந்தார். பை தூக்க நானும் வரட்டுமா என்றேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டுக் கூட்டத்துக்குள் இறங்கிப் போனார்.

அந்தப் பெண் பட்டம் வாங்கிவிட்டாள். ஒட்டி நிற்கும் குச்சிகள் ஒன்றையொன்று எவ்வளவு மாற்றுகின்றன என்பதற்கு நல்ல சுத்தமான கோடுகள் கிடைத்தன என்று சொன்னாள். நான் இன்னும் அங்கேதான் இருக்கிறேன். எந்த வேலையிலும் இத்தனை காலம் இருந்ததில்லை. போய்விடலாம் என்று சில காலைகளில் தோன்றும். போனால், அவர் இடத்தை எடுத்ததோடு அதையும் விட்டெறிந்தவள் ஆவேன். அதனால் எழுந்து பேருந்து ஏறுகிறேன். அண்ணனிடமிருந்து அழைப்பு வருவதில்லை. மகள் படிப்பு என்னவாயிற்று என்று கேட்க அவருடைய எண்ணை எடுப்பேன். அவர் எடுத்தால் முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று யோசிப்பேன். வாயில் வருவது ஒரே ஒரு வார்த்தைதான், அதை அவரிடம் சொல்ல எனக்கு முகம் இல்லை.